மச்சினன் கொண்டுவந்த குச்சி

போன ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து காரில் வந்து இறங்கிய என் மச்சினன், செருப்பைக் கழற்றும் முன்பே ஒரு கட்டுக் குச்சியை என் கையில் திணித்தான். பச்சைக் குச்சி, நடுவில் ரப்பர் பேண்ட், மேலே விலைச்சீட்டு: 350 ரூபாய். சீட்டைக் கிழிக்க மறந்தானா, மறக்காமல் விட்டுவைத்தானா என்பது அவன் அக்காவுக்கும் எனக்கும் இடையே இன்னும் தீராத வழக்கு.

"அஸ்பாரகஸ், அத்தான். சுகருக்கு ரொம்ப நல்லது."

இந்த 'ரொம்ப நல்லது' எனக்குப் புதிதல்ல. காலை ஐந்தரைக்குப் பால்காரர் மணியடிப்பதற்குள் குடும்ப வாட்ஸப் குழுவில் அவன் மணியடித்துவிடுவான். போன மாதம் சியா விதை. அதற்கு முந்தின மாதம் அவகாடோ. உங்கள் குழுவிலும் இப்படியொரு மச்சினன் இருப்பான். இல்லையென்றால், அந்த மச்சினன் நீங்கள்தான்.

அஸ்பாரகஸின் நன்மைகள் மொத்தம் பதினொன்று என்று முந்தின நாளே அனுப்பியிருந்தான். அதில் ஒன்று எனக்கு உண்மையிலேயே பலித்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் ஒரு சின்ன விஷயம்.

குச்சியைக் கொடுத்த கையை மடக்காமலே அவன் அடுத்துச் சொன்னது: "நாளைக்குக் காலைல கிளம்பிருவேன் அத்தான். ரெண்டு கிலோ பால்கோவா வேணும். ஆபீஸ்ல கேட்டாங்க."

ராஜபாளையத்தில் குடியிருப்பவனுக்குச் சொந்தக்காரர்கள் இருக்கக்கூடாது. இருந்தால் ஸ்ரீவில்லிபுத்தூர் இவ்வளவு பக்கத்தில் இருக்கக்கூடாது. மில்லில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். அங்கே நான் நூற்ற நூலைவிட, பஸ்ஸில் சுமந்த பால்கோவா எடை கூட. சுமப்பதுகூடப் பரவாயில்லை. ஆளாளுக்கு ஒரு குறிப்பு வரும். பெரியக்காவுக்குச் சீனி கம்மியாக. சித்தப்பாவுக்கு அடிப்பிடித்த வாசனை லேசாக. சென்னை சம்பந்திக்குச் சூடாக இருக்கவேண்டும். அவர் வீடு இருப்பது தாம்பரத்தில். ஒருத்தர் சுகர் ஃப்ரீ பால்கோவா கிடைக்குமா என்று கேட்டார். பாலும் சீனியும் தவிர வேறெதுவும் இல்லாத பண்டத்தில் சீனியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பால். அதை அவர் தெருவிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

2019-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரே சந்தோஷப்பட்டது, நானும்தான். அதோடு என் நிம்மதி போயிற்று. "குறியீடு வாங்குன கடைலயே வாங்குங்க அத்தான்" என்கிறான் மச்சினன். குறியீடு கடைக்கு இல்லை, பால்கோவாவுக்கு என்று எத்தனை தடவை சொல்வது? பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆண்டாள் கோயில்வரை எல்லாக் கடையும் ஒரிஜினல்தான். ஒரிஜினல் இல்லாத கடை ஒன்றை இன்றுவரை நான் பார்த்ததில்லை.

வாங்கியாயிற்று என்றால் பஸ். பையைக் கீழே வைத்தால் யாராவது மிதிப்பார்கள், மேலே வைத்தால் மறந்து இறங்குவோம். ஆகவே மடி. சூடாகப் போட்டுக் கொடுத்த இரண்டு கிலோ, வேட்டி வழியாகத் தொடையில் இறங்கும். பக்கத்து சீட்டுக்காரர் வாசனையில் திரும்பி, "எந்தக் கடை அண்ணாச்சி?" என்பார். சொன்னால், "அங்கயா வாங்குனீங்க?" என்று கேட்டுவிட்டு, இழவு விசாரிக்கிற முகத்தோடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். எந்தக் கடைப் பெயரைச் சொன்னாலும் இதுதான். நான் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். எனக்குச் சர்க்கரை. வெறும் வயிற்றில் 168. டாக்டர் மற்ற இனிப்புகளைப் பொதுவாகத் தடுத்தார். ராஜபாளையம் ஆள் என்று தெரிந்ததும் பால்கோவாவை மட்டும் பெயர் சொல்லித் தடுத்தார். ஆறு வருடமாக, விரலில் ஒட்டியதைக்கூட வேட்டியில் துடைக்கிறேன். சுமக்கிறவனுக்குக் குச்சி, அறிவுரை சொல்கிறவனுக்குக் கோவா.

சரி, அஸ்பாரகஸ்.

ஆலிவ் எண்ணெயில் லேசாக வாட்டவேண்டும் என்பது மச்சினன் உத்தரவு. அவன் அக்கா நல்லெண்ணெயில் கடுகு, உளுந்து தாளித்து, தேங்காய்ப்பூ போட்டு இறக்கினாள். நுனி நன்றாகவே இருந்தது. அடித்தண்டை முருங்கைக்காய் மாதிரி மென்று சக்கையைத் துப்பினேன். "துப்புறீங்க! அதுலதான் அத்தான் நார்ச்சத்து" என்று பதறினான்.

நூறு கிராம் அஸ்பாரகஸில் ஏறக்குறைய 93 கிராம் தண்ணீர். அவன் கொண்டுவந்தது கால் கிலோ. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 350 ரூபாய்க்கு ஒரு பெரிய டம்ளர் தண்ணீர். எங்கள் ஊர் ஆறாவது மைல் டேம் தண்ணீர் இதைவிட மலிவு. மிச்சத்தில் ஃபோலேட் இருக்கிறது, வைட்டமின் கே இருக்கிறது, கலோரி இருபதைச் சுற்றித்தான், மறுக்கவில்லை. கொல்லையில் நிற்கிற முருங்கை ஒன்றும் சத்தில் இளைத்ததில்லை. ஆனால் அதற்கு ரப்பர் பேண்ட் போட ஆளில்லை.

உண்மையான எரிச்சல் வேறு இடத்தில். இந்த அஸ்பாரகஸுக்குச் சொந்தத் தாயாதி ஒன்று நம் மலையடிவாரப் புதர்களிலேயே முள்ளோடு படர்ந்து கிடக்கிறது: தண்ணீர்விட்டான் கிழங்கு. ஒரே பேரினம். என் மனைவி தலைப்பிரசவத்துக்குப் போயிருந்தபோது பால் ஊற என்று மாமியார் அந்தக் கிழங்கைப் பொடித்துப் பாலில் கலந்து கொடுத்தார். அப்போது பதினாலு வயதான இந்த மச்சினன், "தண்ணி விட்டானா? யாரு விட்டா?" என்று மூன்று நாள் சிரித்தான். போன வருஷம் தன் மகளுக்கு அதையே 'ஷதாவரி' என்று மாத்திரையாக பெங்களூரில் வாங்கியிருக்கிறான். சிரிக்கவில்லை. இன்னொரு தாயாதியை அவனே கையில் பிடித்திருக்கிறான்: கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் பூங்கொத்தில், ரோஜாவுக்குப் பின்னால் பச்சைப் பஞ்சு மாதிரி நிற்குமே, அது. அதைத் தின்னச் சொல்லி இன்னும் செய்தி வரவில்லை.

இன்னொன்று, அந்தப் பதினொன்றில் இல்லாதது. அஸ்பாரகஸ் சாப்பிட்டால் சிறுநீரில் ஒரு தினுசான நாற்றம் வரும். பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பெஞ்சமின் ஃபிராங்க்ளின் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். வேடிக்கை என்னவென்றால், அந்த வாடை எல்லார் மூக்குக்கும் எட்டாது. அது பிறவி வாகு. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எனக்கு அடுத்தபடியாக பாத்ரூமுக்குப் போன என் மனைவிக்குத் தெரிந்தது. பினாயில் பாட்டிலோடு வெளியே வந்தவள் தம்பியை ஒன்றும் சொல்லவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

மிஞ்சிய நாலு தண்டை எதிர்வீட்டு நாய்க்குக் காட்டினேன். அசல் ராஜபாளையம், 2005-ல் அஞ்சல்தலையில் இடம்பிடித்த வம்சம். எங்கள் வீட்டுத் தயிர்சாதத்தைத் தட்டு தேய நக்குகிற ஜீவன். ஒருமுறை மோந்தது. என் முகத்தைப் பார்த்தது. பிறகு போய் வாசல்படியில் எனக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டது.

பலித்த அந்த நன்மை எதுவென்றால்,

இருங்கள், போன். அவன்தான்.

"அத்தான், ஆபீஸ்ல ஒரே நாள்ல காலி. இந்தத் தடவ மூணு கிலோவா வாங்கி பஸ்ல போட்டு விட்டுருங்க. ஆமா, அஸ்பாரகஸ் தொடர்ந்து சாப்பிடுறீங்கல்ல?"

வில்லிபுத்தூர் பஸ் பத்தே முக்காலுக்கு. வேட்டி மாற்றவேண்டும்.