பெட்டி விசாரம்

சீல்டு பாக்ஸா, போர்டட் பாக்ஸா என்கிற விசாரத்தில் மூழ்கிய கனவானிடம், "காருக்கு ஸப்வூஃபர் வாங்கினீர்களே, எப்படிப் பாடுகிறது?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பாடவில்லை, 12 அங்குல ஸ்பீக்கர் அவர் வீட்டுக் கட்டிலடியில், வந்த அட்டைப்பெட்டிக்குள்ளேயே அஞ்ஞாதவாசம் செய்கிறது.

அவருடைய சகல லட்சணங்களையும் வர்ணிப்பது வீண்; சட்டைப்பையில் நிரந்தரமாகக் குடியிருக்கும் அளவுநாடா ஒன்றே போதும். நம் வீட்டுக்கு வந்தால், காபி ஆறுவதையும் லட்சியம் செய்யாமல், செருப்பு வைக்கும் அலமாரியின் நீள அகல உயரங்களை அளந்து, பலகைக் கனம் 18 மி.மீ. கழித்து, "ஒரு கன அடி, சீல்டுக்குப் பொருந்தும்" என்று தீர்ப்பளித்துவிட்டுச் சமையலறை வாசலில் நின்று, "அண்ணி, அரிசியைக் கொஞ்ச நேரம் வேறு பாத்திரத்தில் கொட்டி வையுங்களேன், பெட்டியின் உள்ளளவு பார்க்க வேண்டும்" என்பார். ஒரு கல்யாண வீட்டில், பெண்ணுக்குச் சீராக வந்த பீரோவை விரல் கணுவால் தட்டி, "தகடு அதிரும், உதவாது" என்று உரக்கச் சொன்னதில், சம்பந்திகளுக்குள் பேச்சுவார்த்தையே நின்றுபோயிற்று.

அவருடைய சாஸ்திரத்தில் பிழையில்லை என்பதுதான் கஷ்டம். மூடிய பெட்டியில் அடைபட்ட காற்றே சுருள்வில்லாகி ஸ்பீக்கரின் கூம்பை அடக்குவதால், மிருதங்கத்தின் தொப்பி துல்லியமாகக் கேட்கும். போர்ட் வைத்தாலோ, கூம்பின் பின்புறத்து ஒலியும் குழாய் வழியே வந்து சேர, அதே ஆம்ப்ளிஃபையரில் முழக்கம் அதிகப்படும், ஆனால் குழாயின் சுருதிக்குக் கீழே கூம்பை அடக்குவாரில்லை, பெட்டியும் ஏறக்குறைய இரட்டிப்பு இடம் கேட்கும். போர்ட் வைத்த பெட்டிக்கு வேண்டிய கணிதத்தை 1961-லேயே ஆஸ்திரேலியரான நெவில் தீல் எழுதி வைத்துவிட்டார். ஸ்பீக்கரோடு வந்த கையேட்டிலும் இத்தனை கன அடி என்று அச்சிட்டிருக்கிறது. அந்தக் காகிதத்தை மட்டும் அவர் பிரித்துப் பார்ப்பதில்லை.

இவ்வளவும் வேடிக்கையென்று சகித்துக்கொள்ளலாம். ஆனால் என்றோ வரப்போகும் பெட்டிக்காக தம் காரின் டிக்கியில் சாக்பீஸால் கோடு கிழித்து, கோடு அழியலாகாது என்று, ரயிலடிக்குப் போகையில் எங்கள் மூட்டை முடிச்சுகளையெல்லாம் எங்கள் மடியிலேயே ஏற்றிவிட்டாரே, அதை எந்தச் சாஸ்திரம் அங்கீகரிக்கும்?

சின்னக் காரில் கச்சேரி கேட்கிறவருக்கு ஒரு கன அடி சீல்டு பெட்டி தாராளமாகப் போதும். யாராவது அவரிடம் சொல்லுங்கள். எனக்குச் சொல்லி அலுத்துவிட்டது.