கட்-ஆஃப் அண்ணன்

பெரம்பூர் பேப்பர் மில்ஸ் ரோட்டில் எந்த டீக்கடையில் ஒதுங்கினாலும் ஒரு கட்-ஆஃப் அண்ணன் கிடைப்பார். வயது முப்பத்திரண்டு. சட்டைப் பையில் நீலப் பேனா, கையில் தலையங்கப் பக்கம் தெரியும்படி மடித்த ஆங்கிலப் பேப்பர். வங்கி கிளார்க் தேர்வுக்கு வயது வரம்பு 28, ஓ.பி.சி. என்றால் இன்னும் மூன்று வருடம் சலுகை. அண்ணன் இரண்டையும் தாண்டிவிட்டார். எழுதுகிற தகுதி போன அன்றைக்கே எழுதுகிறவர்களுக்கு யோசனை சொல்கிற தகுதி வந்துவிட்டது.

"இன்னா தம்பி, ஐ.பி.பி.எஸ்.ஸா? எத்தினியாவது அட்டெம்ப்ட்டு?"

பையன் "முதல் தடவைண்ணே" என்று சொல்லி வாயை மூடுவதற்குள் அண்ணனுக்கு ஒரு டீ வந்துவிடும். காசு பையனுடையது.

"பிரிலிம்ஸ்ல இங்கிலீஷ் முப்பது கேள்வி, இருபது நிமிஷம். கேள்விக்கு நாப்பது செகண்டு. இதுல நீ பேசேஜைப் படிச்சிக்கினு இருந்தா விடிஞ்சிரும். மொதல்ல கேள்வியப் பாரு. அதுல இருக்கிற வார்த்தையப் பேசேஜ்ல தேடு. அந்த ஒரு வரிய மட்டும் படி. ஆப்ஷன்ல 'ஒன்லி', 'நெவர்', 'ஆல்வேஸ்'னு அடிச்சுப் பேசினா தூக்கிக் கடாசு."

சும்மா சொல்லக் கூடாது, இதில் பாதி சரிதான். கோச்சிங் சென்டர்களில் காசு வாங்கிக்கொண்டு சொல்வதும் இதைத்தான். ஆனால் இந்த வைத்தியத்தை வருடக்கணக்காகச் சாப்பிட்டதன் பலனை அண்ணனிடம் பார்க்கலாம். உலகத்தில் அவருக்குத் தெரியாத விஷயம் கிடையாது. முழுசாகத் தெரிந்த விஷயமும் கிடையாது. தேனீக்கள் குறைந்து வருகின்றன என்பார். ஏன் என்றால், "அது ரெண்டாவது பாராவுல இருக்கும் தம்பி, கேள்வி மொத பாராவுலயே முடிஞ்சிருச்சு" என்பார். ரெப்போ ரேட்டை ஏற்றினால் விலைவாசி இறங்கும் என்பதுவரை வருவார். எப்படி இறங்கும் என்கிற இடத்தில் டீயை ஆற்ற ஆரம்பித்துவிடுவார்.

இலக்கணத்தில் அவர் மந்திரவாதி. "'நோ சூனர்' வந்தா பின்னாடி 'தேன்'. 'ஹார்ட்லி' வந்தா 'வென்'. 'ஒன் ஆஃப் த' வந்தா அடுத்தது பன்மை, வெர்ப் ஒருமை. கண்ண மூடிக்கினு போடு." இந்த மூன்றையும் வைத்து அவர் பெரம்பூரையே திருத்திக்கொண்டிருக்கிறார். பேக்கரி போர்டு, பிளக்ஸ் பேனர், கல்யாணப் பத்திரிகை எதுவும் தப்பாது. அத்தை பெண்ணின் பத்திரிகையில் இரண்டு இடத்தில் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்ததில், அந்தப் பக்கத்து உறவு இன்றுவரை நிலுவையில் இருக்கிறது.

அவர் வீட்டு அலமாரியில் ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகம் உண்டு. முதல் இருபது பக்கம் அழுக்கேறியிருக்கும்; மற்றதெல்லாம் அச்சகத்திலிருந்து வந்த மெருகு குலையாமல் இருக்கும். அந்த ரென் துரை ஒரு நாவலாசிரியரும்கூட. வீட்டை விட்டு ஓடிப்போய் பிரெஞ்சு அந்நியப் படையில் சேரும் சகோதரர்களின் கதையை 1924-ல் எழுதினார். அவருடைய இலக்கணப் பயிற்சிகளைப் போட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தச் சகோதரர்கள் மேல் தனி அனுதாபம் வரும்.

பெரம்பூர் ரயிலால் வளர்ந்த ஊர். கேரேஜ், லோகோ பட்டறைகள், 1955 அக்டோபர் 2-ல் நேரு தொடங்கிவைத்த ரயில்பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்., ரயில்வே ஆஸ்பத்திரி என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ரயில்வேதான். வீட்டுக்குள்ளேயே இங்கிலீஷ் பேசிய ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வாழ்ந்த தெருக்களும் இங்கேதான். அண்ணனின் அப்பாவே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ரயில்வேயின் என்.டி.பி.சி. தேர்வில் பொது அறிவு, கணக்கு, ரீசனிங் மட்டும்தான். இங்கிலீஷ் பகுதியே கிடையாது. தமிழிலேயே எழுதலாம். அண்ணனுக்கு அதற்கு இன்னும் வயதும் இருக்கிறது. ஒருநாள் ஒரு பையன் கேட்டேவிட்டான்: "அதைப் போடலாமேண்ணே?"

அண்ணன் பரிதாபமாகப் பார்த்தார். "அதுல இங்கிலீஷ் இல்லப்பா. நம்ம ஸ்ட்ராங் ஏரியாவே இங்கிலீஷுதான்."

வங்கித் தேர்வில் ஒவ்வொரு பகுதிக்கும் தனி கட்-ஆஃப் உண்டு. அண்ணன் கணக்கில் தாண்டியிருக்கிறார், ரீசனிங்கில் தாண்டியிருக்கிறார். வருடா வருடம் அவரை வாசலிலேயே நிறுத்திவைத்தது அந்த ஸ்ட்ராங் ஏரியா ஒன்றுதான்.

அவருடைய கடைசி அஸ்திரம் 'சி'. "தெரியலன்னா கண்ண மூடிக்கினு 'சி' போடு." கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்து ஆப்ஷன், சரியானால் ஒரு மார்க், தப்பானால் கால் மார்க் போச்சு. ஐந்து கேள்விக்குக் குருட்டாம்போக்கில் 'சி' போட்டால், சராசரியாக ஒன்று சரியாகும், நான்கு தப்பாகும். வந்த ஒன்று நான்கு காலாக வந்த வழியே போய்விடும். மிச்சம் பூஜ்யம். இரண்டு ஆப்ஷனை நிச்சயமாகக் கழித்துவிட்டு மீதி மூன்றில் ஒன்றைத் தொட்டால் லாபம் நம் பக்கம். ஆனால் கழிப்பதற்குப் பேசேஜ் புரிந்திருக்க வேண்டும்.

அகரத்தில் 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகம் என்ற படிப்பு மையத்தில் உட்கார்ந்து படித்த பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி போன முறை கிளார்க் ஆகிவிட்டாள். தினம் ஒரு தலையங்கத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தாளாம், தெரியாத வார்த்தையை நோட்டில் எழுதினாளாம். ஸ்வீட் கொண்டுவந்து கொடுத்தபோது அண்ணன் இரண்டாக எடுத்துக்கொண்டு, "நம்ம ஸ்ட்ராட்டஜிதான்" என்றார்.

தம்பிகளே, அண்ணனுக்கு டீ வாங்கிக் கொடுங்கள், நல்ல மனுஷன். தேர்வு மையத்துக்கு எந்த பஸ், ஹால் டிக்கெட்டோடு என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. அதையெல்லாம் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் பேப்பரைப் பிரியுங்கள். இங்கிலீஷ் பேப்பரில் பாஸாக, இங்கிலீஷ் பேப்பரைப் படிப்பதைவிடக் குறுக்குவழி இதுவரை யாருக்கும் கிடைக்கவில்லை.