ஞாயிற்றுக்கிழமை மயன்

சென்னையில் எந்த அடுக்குமாடிக் குடியிருப்பை எடுத்துக்கொண்டாலும் செயலாளர் ஒருவர், பராமரிப்புக் கட்டணம் கட்டாதவர் ஒருவர், ஞாயிற்றுக்கிழமை மயன் ஒருவர் கட்டாயம் இருப்பார்கள். முதல் இருவரைப் பற்றிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவிலேயே வேண்டிய மட்டும் எழுதியாகிவிட்டது. மூன்றாமவரைப் பற்றித்தான் யாரும் எழுதுவதில்லை. ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அவர் டிரில்லிங் மெஷினை ஓட்டத் தொடங்கிவிட்டால் யாருக்கும் எழுத வராது என்பதுதான் காரணம்.

மயனுக்குத் தச்சு வேலை மீன் வழியாக வருகிறது. மகள் ஆசைப்பட்டாள் என்று நாலு கப்பி மீன் வாங்கக் கொளத்தூருக்குப் போவார். வண்ண மீன் வியாபாரத்துக்குப் பேர்போன அந்த ஊருக்குப் போய் நாலு மீனோடு திரும்புவது எளிதல்ல. அவரும் நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டியைச் சொல்லிவிட்டுத்தான் வருவார். கடைக்காரர், "சார், ஆங்கிள் வெல்டிங் பண்ணி இரும்பு ஸ்டாண்டு இருக்கு, சேர்த்து அனுப்பிடட்டுமா?" என்று கேட்பார். மயன் ஒரு புன்னகை புரிவார். "வேணாம், இரும்பு துருப்பிடிக்கும். மரத்துல நானே பண்ணிக்கிறேன். ரெண்டே வாரம்." கடைக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார். முன்பணத்தை வாங்கிக்கொண்டு ரசீதில் தொட்டியின் அளவை எழுதுவார். எடுத்துக்கொள்ளும் தேதிக்கான இடத்தை மட்டும் காலியாக விட்டுவிடுவார். இரண்டு வாரக்காரர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் கணக்கு ஆரம்பமாகும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. தொட்டிக்குள் சுமார் 240 லிட்டர் பிடிக்கும். பத்து மில்லிமீட்டர் கண்ணாடி என்றால் வெறும் தொட்டியே 50 கிலோ. அடியில் போடும் கூழாங்கல் ஒரு 30. எப்படிப் பார்த்தாலும் 300 கிலோவைத் தாண்டுகிறது. அன்றிரவு மயனுக்குத் தூக்கம் வராது. குடியிருப்புத் தளங்கள் சதுர மீட்டருக்கு 200 கிலோ பயன்பாட்டுச் சுமையைத் தாங்க வேண்டும் என்று ஐ.எஸ். 875 சொல்வதை எங்கேயோ படித்துவிடுவார். தன் தொட்டியின் எடையை அது நிற்கும் இடத்தின் பரப்பால் வகுத்தால் 550க்கு மேல் வரும். கீழ்வீட்டுக்காரர் டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போது கூரை வழியாகக் கப்பி மீன்களோடு தாம் இறங்குவது போலக் கனவு வரும். காலையில் எதிர்வீட்டு சிவில் எஞ்சினீயரைப் பிடித்துக் கேட்பார். அவர் பல் துலக்கிக்கொண்டே, "அது முழுத் தளத்துக்கும் போடற கணக்கு சார். பீமை ஒட்டிச் சுவரோரமா வைங்க, ஒண்ணும் ஆகாது" என்று இரண்டு வரியில் முடித்துவிடுவார். இவ்வளவு சுருக்கமான பதிலை நம்ப மயனுக்கு மனம் வராது.

இந்த இடத்தில் அவருக்காக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவருடைய பயம் நியாயமானது. அலமாரி சரிந்தால் புத்தகம் விழும், எடுத்து அடுக்கிக்கொள்ளலாம். தொட்டி சரிந்தால் கூடமே குளம். ஆனால் அந்தப் பயம் போய் உட்காருகிற இடம்தான் தப்பு. அது நேராகத் தொட்டி மேடையின் காலில் போய் உட்காரும். மூன்று அங்குலச் சதுரத் தேக்குக் கால் ஒன்று நிமிர்ந்து நின்றாலே சில டன்னைத் தாங்கும். மயனுக்கு நாலு கால் போதாது; நடுவில் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் இரண்டு.

மரம் வாங்க வால்டாக்ஸ் ரோட்டுக்குப் போவது தனி அத்தியாயம். மயன் இதுவரை தச்சு கற்றதெல்லாம் அமெரிக்கக் காணொளிகளில். அங்கே தாடி வைத்த ஒருவர் தன் கார் ஷெட்டில் நின்றுகொண்டு ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் முடித்துவிடுவார். ஷெட் நம் மயனின் மொத்த ஃப்ளாட்டைவிடப் பெரியது என்பதை மயன் கவனிப்பதில்லை.

"டூ பை ஃபோர் வேணும்."

"என்ன மரம் சார்?"

தாடிக்காரர் அதைச் சொல்லவே இல்லையே! "ஸ்ட்ராங்கான மரமா குடுங்க."

"ஸ்ட்ராங்குன்னா கோங்கு இருக்கு, வேங்கை இருக்கு, தேக்கு இருக்கு. எதுக்கு சார், நிலைக்கா, ஜன்னலுக்கா?"

"மீனுக்கு."

மரக்கடைக்காரர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, யோசித்து, மறுபடி காதிலேயே செருகிக்கொள்வார்.

அமெரிக்காவில் 'இரண்டுக்கு நாலு' என்று விற்கிற சட்டம் உண்மையில் ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம்தான். வால்டாக்ஸ் ரோட்டில் நாலுக்கு ரெண்டு என்றால் நாலுக்கு ரெண்டு என்றே அறுத்துக் கொடுப்பார்கள். இழைத்தபின் என்ன மிஞ்சுகிறதோ அது உங்கள் பாடு. காணொளியின் அளவுகளைப் பத்து நாள் உட்கார்ந்து மில்லிமீட்டருக்கு மாற்றி, கணினியில் முப்பரிமாணப் படம் வரைந்து, தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை குறித்துக்கொண்டு போயிருக்கிற மயனுக்கு இது பேரிடி. கடைக்காரரோ நாலுக்கு ரெண்டு சட்டம் பதினெட்டு அடி ஓடினால் ஒரு கன அடி என்று வாய்க்கணக்கிலேயே விலை சொல்லிவிடுவார். எஞ்சினீயரிங் படித்த மயன் செல்பேசியில் தட்டிப் பார்ப்பார். கணக்கு சரியாகவே இருக்கும். அதுவும் கொஞ்சம் வருத்தம்தான்.

இரண்டு இலக்கத் தசமம் முதல் அறுப்பிலேயே மடியும். பென்சில் கோடே ஒரு மில்லிமீட்டர் கனம். கோட்டின் மேல் அறுப்பதா, கோட்டை விட்டு அறுப்பதா என்று அவர் யோசிப்பதற்குள் ரம்பத் தகடு தன் பங்குக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் தின்றுவிடும். ஒரே சட்டத்தில் வரிசையாகக் குறித்து வெட்டிய கால்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரத்தில் வரும். தச்சர் என்றால் ஒரு காலை அறுத்து, அதையே அளவாக வைத்து மற்றதைக் குறிப்பார். நாலையும் சேர்த்து நிறுத்தித் தட்டிப் பார்ப்பார். டேப்பைத் தொடவே மாட்டார். மயனிடம் டேப் மட்டும் மூன்று. மூன்றும் ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லாதவை.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மேடையின் செலவைவிட அதைச் செய்யும் கருவிகளின் செலவு நாலு மடங்கு. வீட்டில் சொல்லப்படுவது கால் பங்கு. உளியைத் தீட்டாமலே கொட்டாப்புளியால் அடிப்பார். உப்புத்தாளில் மட்டும் எல்லா நம்பரும் இருக்கும்.

திருகாணி விஷயம் அப்படியல்ல, அங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். மேல்சட்டம் காலின் தலைமீது உட்கார வேண்டும். தொட்டியின் எடை மரத்திலிருந்து மரத்துக்கு இறங்கித் தரைக்குப் போக வேண்டும். திருகாணியின் வேலை இரண்டையும் விலகாமல் பிடித்துக்கொள்வது மட்டுமே. இது மயனுக்குத் தெரியும். ஆனால் நம்பிக்கை இல்லை. ஆகவே இரண்டு போதுமான மூட்டில் எட்டு முடுக்குவார். முன்துளை போடாமல், சட்டத்தின் நுனியில், ஒரே நார் வரிசையில். ஐந்தாவது திருகாணி இறங்கும்போது 'டப்' என்று ஒரு சத்தம் கேட்கும். மரம் நாரோடு நாராக வாய் பிளந்திருக்கும். பிளவுக்குள் ஃபெவிகாலை ஊற்றி, மேலே இன்னும் இரண்டு திருகாணி. அதில் ஒன்று பாதியில் நின்று, பிளஸ் தலை வழுக்கி, உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் சண்டித்தனம் செய்யும். கொஞ்சம் சோப்பைத் தடவி முடுக்கியிருந்தால் வழுக்கிக்கொண்டு போயிருக்கும் என்பது பிற்பாடு தெரியவரும்.

மேடை ஒருவழியாக எழுந்து நின்றதும் பளுச் சோதனை. முந்நூறு கிலோவுக்கு எங்கே போவது? குடும்பத்துக்குத்தான். மைத்துனர் வந்திருப்பார், மாமனார் வந்திருப்பார். மயன் காகிதமும் பென்சிலுமாக ஒவ்வொருவரின் எடையையும் கேட்டு எழுதிக்கொண்டு வருவார். மாமனார் பெருமையாகச் சொல்வார். மைத்துனர் பத்துக் கிலோ குறைத்துச் சொல்வார். அடுத்து மனைவியிடம் திரும்பி, "நீ எவ்வளவு இருப்பே?" என்று கேட்பார். கூடம் நிசப்தமாகும்.

"என்னங்க, இதுக்கெல்லாமா என்னைக் கணக்குல சேர்ப்பீங்க? மளிகைக் கடையில சொல்லி அரிசிச் சிப்பம் கொண்டுவரச் சொல்லுங்க."

அரிசிச் சிப்பங்கள் வரும். ஒவ்வொன்றும் 25 கிலோ. அடுக்க அடுக்க மேடை முனகக்கூட முனகாது. கடைசியில் சிப்பங்களுக்கு மேலே மாமனாரே ஏறி உட்கார்ந்து, "மாப்ளே, கல்லு மாதிரி இருக்கு!" என்பார். படம் எடுக்கப்பட்டு உறவினர் குழுவில் ஏறும். மீன் எங்கே என்று கேட்கும் சித்தப்பாவுக்குப் பதில் வராது.

மறுநாள் பக்கத்து வீட்டு மாடுலர் கிச்சனில் கீல் மாட்ட ஒரு தச்சர் வருவார். மயன் அவரை விடுவாரா? அழைத்து வந்து காட்டுவார். தச்சர் மேடையைச் சுற்றி வருவார், திருகாணிகளை எண்ணுவதைப் பாதியில் நிறுத்துவார். பிறகு மேல்சட்டத்தின் பக்கவாட்டில் ஒற்றை விரலை வைத்து லேசாகத் தள்ளுவார். முந்நூறு கிலோவை அலட்சியமாகத் தாங்கிய மேடை, அந்த ஒரு விரலுக்கு இடமும் வலமும் ஆடும்.

"எடை தாங்கும் சார், அதுல சந்தேகமே இல்ல. யானையே நிக்கலாம். ஆனா யானை அசையாம நிக்கணும்."

அவர் கேட்பது ஒரு துண்டு பிளைவுட். ஐ.எஸ். 710 முத்திரை இல்லாத பிளைவுட்டை மயன் தொடக்கூட மாட்டார். தண்ணீரில் ஊறினாலும் பிரியாது என்பதற்காகத் தேடி வாங்கியது. மேல்பலகைக்குப் போக மிச்சம் மூலையில் கிடக்கும். தச்சர் அதை அளவாக அறுத்து மேடையின் முதுகில் ஒட்டி, சுற்றிவர முடுக்குவார். காப்பி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும். மறுபடி விரல். மேடை இப்போது அசையாது. எட்டுக் கால் செய்யாததை ஒரு முதுகுப்பலகை செய்துவிட்டதை மயன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பார். "எவ்வளவு?" என்று கேட்டால், "குடுக்கிறதைக் குடுங்க சார்" என்பார் தச்சர். தமிழ்நாட்டில் இதைவிட அதிகம் செலவு வைக்கும் விலை கிடையாது.

இனி ரசமட்டம். மேல்பலகை ஒரு பக்கம் தூக்கியோ முறுக்கியோ இருந்தால் கண்ணாடியின் ஒரு மூலைக்கு மட்டும் அழுத்தம் போய் விரிசல் விடும் என்று கொளத்தூரில் எச்சரித்திருக்கிறார்கள். அடியில் போடத் தெர்மாகோல் தகடும் கொடுத்திருக்கிறார்கள். சின்ன மேடு பள்ளத்தை அது வாங்கிக்கொள்ளும். மயன் ரசமட்டத்தை வைப்பார். குமிழி நடுவில் நிற்காது, பால்கனிக்கு எதிர்ப்பக்கமாக ஓடும். மேடையைத் திருப்பிப் போட்டு வைப்பார். அப்போதும் அதே பக்கம்தான் ஓடும். அதாவது மேடையில் குற்றமில்லை. தரையே பால்கனிப் பக்கம் வாட்டமாக இருக்கிறது!

இந்தக் கண்டுபிடிப்புக்குப் பின் ரசமட்டம் அவர் கையை விட்டு இறங்காது. கிரைண்டர் மேடை, சாமி அலமாரி, மகளின் படிப்பு மேசை, ஃப்ரிட்ஜின் தலை என்று வீடு முழுக்க வைத்துப் பார்த்துச் சாப்பாட்டு வேளையில் அறிக்கை வாசிப்பார். "இந்த வீட்டுல ஒரு இடமாவது நேரா இருக்கான்னு கேளுங்க." கூட இருந்து பார்த்துப் பார்த்துத் தளம் போட வைத்த மாமனார் அன்றைக்கு மோர் சாதத்தோடு எழுந்துவிடுவார். இரண்டு கால்களுக்கு அடியில் மைகா துண்டுகளைச் செருகினால் தீருகிற விஷயம் இது. தீரும். மாமனார் சமாதானமாகத்தான் நாளாகும்.

மயனை நாம் வெளியிடங்களிலும் அடையாளம் கண்டுகொள்ளலாம். கல்யாண மண்டபத்தில் எல்லோரும் இலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது குனிந்து மேசையின் அடிப்பக்கத்தைப் பார்க்கிறவர் அவர்தான். புதுவீடு பார்க்கப் போனால் டிவி அலமாரியை விரல் கணுவால் தட்டி, "பார்ட்டிகிள் போர்டு. தண்ணி பட்டா ஊதிடும்" என்பார். உண்மைதான். ஆனால் அந்த வீட்டில் அதன்பின் காப்பி வருவதற்கு நேரமாகும்.

கடைசியில் தொட்டி வரும். முன்பண ரசீதை நீட்டும்போது கடைக்காரர் முகத்தில் எந்தச் சலனமும் இராது. தண்ணீர் நிரம்பும், தொட்டியின் மேல்விளிம்புக்கும் நீர்மட்டத்துக்கும் உள்ள இடைவெளியை நாலு மூலையிலும் அளந்து பார்த்து மயன் பெருமூச்சு விடுவார். நாலு கப்பிகள் உள்ளே விடப்படும். நாலும் சேர்த்து எடை போட்டால் சில கிராம் தேறலாம்.

வருகிறவர்கள் எல்லோரும், "அட, மீன் எவ்வளவு அழகா இருக்கு!" என்பார்கள். மயன், "கீழே பாருங்க" என்பார். குனிவார்கள். வார்னிஷ் பளபளக்கும். பார்த்துவிட்டு, "நல்லா இருக்கே, எந்தக் கடையில வாங்கினீங்க?" என்று கேட்பார்கள். இதைவிடப் பெரிய பாராட்டு ஒரு புதுத் தச்சருக்குக் கிடைக்காது. மயனுக்கோ இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. ஆகவே, சண்டித்தனம் செய்த அந்தத் திருகாணியை அவர் பட்டி வைத்து மறைக்காமல், முன்பக்கத்திலேயே அரை அங்குலம் துருத்திக்கொண்டிருக்க விட்டிருக்கிறார். அதில் யார் புடவையாவது மாட்டி, "இது என்னங்க?" என்று கேட்க வேண்டும்.

கேட்டால் முதலிலிருந்து சொல்வார். தாடிக்காரர், வால்டாக்ஸ் ரோடு, கோங்கு, 710, வாட்டம், எல்லாம் வரும். முதுகுப்பலகை மட்டும் வராது. "கடையில வாங்கலைங்க, நானே பண்ணது" என்று அவர் முடிக்கும்போது, காப்பித் தட்டோடு வருகிற மனைவி சொல்வார்:

"கடையில வாங்கியிருந்தா அந்தக் கப்பி இந்நேரம் கொள்ளுப்பேரன் எடுத்திருக்கும்."