கதிரை குதிரையான கதை

பெரியப்பாவின் மணிவிழா மலருக்குக் கட்டுரை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஸ்காபரோவில் எங்கள் சொந்தத்துக்குள் என்னிடம்தான் விண்டோஸ் 3.1 ஓடும் கொம்பியூட்டர் இருந்தது. எழுதத் தெரியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

1992இல் வந்த அந்த விண்டோஸோடுதான் ட்ரூடைப் எழுத்துருக்களும் வந்தன. திரையில் தெரிகிற எழுத்து, எந்த அளவானாலும் அப்படியே கடதாசியில் விழும். நண்பர் ஒருவர் பாமினி எழுத்துருவைப் பிளாப்பியில் கொண்டுவந்து ஏற்றிவிட்டுப் போனார். கொம்பியூட்டருக்கு அப்போது ஒரு சொல்லுக்கும் தமிழ் தெரியாது. ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து விசையைத் தட்டினால் அதை ஏதோ ஆங்கிலம் என்றே வாங்கி வைத்துக்கொள்ளும். பாமினி அதற்கு வேட்டி கட்டிவிட, நமக்குத் ‘தமிழ்’ என்று தெரியும். காற்புள்ளி விசையைத் தட்டினால் ‘இ’ வரும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. நான் மறந்தேன். மாமாஇ மாமிஇ சித்திஇ என்று சொந்தக்காரர் எல்லாரும் இளித்துக்கொண்டு நின்றார்கள்.

விண்டோஸோடு சும்மா வந்த ‘ரைட்’ போதும் என்றார் நண்பர். நான் கேட்பேனா? பிழையைத் தானே திருத்தும் பெரிய எழுதுசெயலி ஒன்றை ஏற்றினேன். வசனத்தின் முதல் எழுத்தைச் சின்னதாகத் தட்டினாலும் அது பெரிய எழுத்தாக்கிவிடும். ஆங்கிலத்துக்கு உபகாரம்தான். பாமினியிலோ சின்ன எஃப் ‘க’, பெரிய எஃப் ‘கு’. சின்ன ஜே ‘த’, பெரிய ஜே ‘து’. சின்ன வி ‘எ’, பெரிய வி ‘ஏ’.

எனக்கு விசைப்பலகையைப் பார்த்துத் தட்டித்தான் பழக்கம். குனிந்த தலை நிமிராமல் மூன்று பக்கம் முடித்து, அச்செடுத்துப் பெரியப்பாவிடமே நீட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உரத்து வாசித்தார்.

“ஏன் பெரியப்பா தங்கமான மனிதர். குதிரையில் இருந்துதான் பேப்பர் வாசிப்பார். குடை பூட்டிய பிறகுதான் சாப்பாடு. தும்பி என்றால் அவருக்கு உயிர்.”

“ஏனெண்டு எனக்கும் இண்டைவரைக்கும் விளங்கேல்லை” என்றார் பெரியம்மா குசினியிலிருந்து.

என், கதிரை, கடை, தம்பி என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி, பழியைச் செயலியின் மேல் போட்டேன். குடும்பத்தில் யாரும் நம்பியதாகத் தெரியவில்லை. அன்றிரவே ‘ரைட்’டிடம் திரும்பிப் போனேன். இலக்கணம் தெரியாத அப்பாவி அது. தட்டியதைத் தட்டியபடி போட்டது. சேமிக்கும்போது மட்டும் தகராறு. கோப்புப் பெயர் எட்டு எழுத்தைத் தாண்டக் கூடாது. பெரியப்பாவோ ஆங்கிலத்தில் ஒன்பது எழுத்து. வாலை வெட்டி ‘பெரியப்ப்’ ஆக்கினேன். இதை அவரிடம் சொல்லவில்லை.

திருத்த உட்கார்ந்த நேரம் தொலைபேசி அடித்தது. பெரியப்பாதான்.

“மற்றதெல்லாம் மாத்து, தும்பி. குதிரை இருக்கட்டும்.”