ஆறாப்பு டாக்டரும் அவசரக்கார அப்பனும்

வாய்யா, உக்காரு. இப்படி வேத்து விறுவிறுத்து எங்க ஓட்டம்? மகனை நீட் கிளாஸ்ல சேத்துட்டு வாரியோ? சபாஷ். எத்தனாப்பு படிக்கான்? ஆறாப்பா? ரொம்பப் பிந்திட்டியேய்யா! தொட்டில்லயே ஒரு வெள்ளைக் கோட்டை மாட்டி விட்டிருக்கலாம்லா?

சிரிக்காத. ஊருல நடக்கதைத்தான் சொல்லுதேன். பிள்ளைக்குப் பால்பல்லு இன்னும் முழுசா விழல. அதுக்குள்ள ஐ.ஐ.டி. பவுண்டேஷன், ஒலிம்பியாட், கோடிங்னு தோள்ல மூணு பை. பத்தாததுக்கு விரல் ரேகையைக் கம்ப்யூட்டர்ல ஏத்தி, ‘உங்க பையன் டாக்டராவான்’னு கலர் காகிதத்துல எழுதிக் குடுக்கான். கோயில் வாசல்ல கிளி ஜோசியக்காரன் என்னய்யா பாவம் பண்ணான்? அங்க கிளிக்காவது ரெண்டு நெல்லு கிடைச்சுது. இந்த ரேகைச் சோதனைக்கு அறிவியல் ஆதாரம் கிடையாதுன்னு இந்திய மனநல மருத்துவர் சங்கமே சொல்லிட்டு. நீ கேட்டியா? காகிதத்தை லேமினேட் பண்ணி நடுவீட்டுல மாட்டிட்டே.

விளையும் பயிர் முளையில தெரியும்னு பெரியவங்க சொன்னது வாஸ்தவம். அதுக்காக வேர் விட்டுட்டான்னு நித்தம் முளையைப் பிடுங்கியா பாப்பாங்க?

ஒண்ணு கேக்குதேன், சொல்லு. நீட்டுக்கு 720 மார்க்கு. அதுல ஆறாப்பு மார்க்கு எவ்வளவு? என்ஜினீயரிங் கவுன்சலிங்ல கணக்குக்கு 100, பௌதிகத்துக்கு 50, வேதியியலுக்கு 50. ஆகக்கூடி 200. அம்புட்டும் பன்னெண்டாப்பு மார்க்கு. உன் மகன் இப்ப வாங்குத கோப்பையை அங்க எந்த மேசையில வைக்கப் போறே?

இந்தக் கூத்தைப் பாத்துட்டுத்தான் 2024 ஜனவரியில மத்திய கல்வி அமைச்சகம், 16 வயசு நிறையாத பிள்ளையைக் கோச்சிங் சென்டர்ல சேக்கக் கூடாதுன்னு வழிகாட்டுதல் போட்டுது. உடனே என்ன ஆச்சு? சில எடத்துல கிளாஸுக்குப் பேரு மாறிட்டு. ஃபீஸுதான் மாறல.

“அப்போ ஆறாப்புல ஒண்ணுமே செய்ய வேண்டாமா?”ங்கியா. எவன் சொன்னான்? ஆறாப்பைக் கணக்குல எடுக்குத எடமும் ஒண்ணு இருக்கு. உனக்குத்தான் அது கண்ணுல படல, ஓசியா இருக்குல்லா! ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும் நம்ம அரசுப் பள்ளிக்கூடத்துல படிச்ச பிள்ளைக்கு 2020-ல இருந்து மருத்துவப் படிப்புல 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு. மறுவருஷம் என்ஜினீயரிங், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம்னு எல்லாத்துக்கும் வந்துட்டு. அப்படிச் சேர்ந்த பிள்ளைக்குக் காலேஜ் ஃபீஸையும் அரசாங்கமே கட்டுது. பொம்பளப் பிள்ளைக்குப் புதுமைப்பெண் திட்டம், பையனுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டம். பட்டப்படிப்பு முடியுத மட்டும் மாசம் 1,000 ரூவா. நீ என்ன பண்ணே? பையன் ஷூவுக்கு மேச்சா டை இல்லன்னு ஏழாப்புல டி.சி. வாங்கப் போறேங்கே. வாங்கு, வேண்டாம்னு சொல்லல. எதை விட்டுட்டுப் போறோம்னு தெரிஞ்சுக்கிட்டுப் போ.

எட்டாப்புல என்.எம்.எம்.எஸ். பரீட்சைன்னு ஒண்ணு வருது. அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு. வீட்டு வருமானம் வருஷம் மூன்றரை லட்சத்துக்குள்ள இருக்கணும். மனத்திறனுக்கு 90 கேள்வி, பாடத்துக்கு 90. தேறிட்டான்னா ஒம்பதுல இருந்து பன்னெண்டு வரைக்கும் மாசம் 1,000 ரூவா உதவித்தொகை. நாலு வருஷத்துக்கு 48,000 ஆச்சா? கோச்சிங்காரனுக்கு நீ குடுக்க. இங்க உன் மகன் உனக்குக் கொண்டு வாரான். எது தேவலை?

இன்னொண்ணு. பிறப்புச் சான்றிதழ்ல முருகன், ஆதார்ல முருகேசன், பள்ளிக்கூடத்துல எம். முருகன்னு பையன் மூணு ஆளா இருக்கானான்னு பாரு. இப்பவே ஒரு ஆளாக்கு. சாதிச் சான்றிதழ், வீட்டுல மொதல் பட்டதாரின்னா அதுக்கொரு சான்றிதழ், என்னென்ன வேணும்னு விசாரிச்சு வை. கவுன்சலிங் அன்னைக்கு தாலுகா ஆபீஸ் வாசல்ல அழுதா, லேமினேட் காகிதமா வந்து கையெழுத்துப் போடும்?

படிப்பா? அதுவும் சொல்லுதேன். ஆறாப்புப் பின்னமும் ஏழாப்பு விகிதமும் பையனுக்கு விரல் நுனியில இருக்கட்டும். பதினொண்ணுல மோல் கணக்கு பாத்து முழிக்கவன்ல பாதிப்பேரு வேதியியல்ல தோக்கல; விகிதத்துல என்னைக்கோ தோத்தவன். தினம் ஒரு பக்கம் தமிழ்ல, ஒரு பக்கம் இங்கிலீஷ்ல வாசிக்கச் சொல்லு. வாசிச்சதைச் சொந்த வார்த்தையில உனக்குச் சொல்லணும். நீ போனைக் கீழ வச்சுட்டுக் கேக்கணும். ரெண்டாவதுதான் கஷ்டம், இல்லையா?

ஒரு ஞாயித்துக்கிழமை மாலுக்குப் போகாம பஸ் ஏறு. கிள்ளிகுளத்துல வேளாண்மைக் கல்லூரி இருக்கு. ராமையன்பட்டியில கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு. தூத்துக்குடியில மீன்வளக் கல்லூரி இருக்கு. வெளிய இருந்தாவது காட்டு. டாக்டர், என்ஜினீயரை விட்டா உலகத்துல வேற சோறே கிடையாதுன்னு நினைச்சுக்கிட்டிருக்க பிள்ளைக்கு, மாட்டுக்கும் மீனுக்கும் பட்டம் இருக்குன்னு தெரியட்டும்.

திரும்பி வரும்போது அவன் ஆயிரம் கேள்வி கேப்பான். பதில் தெரியலன்னா தெரியாதுன்னு சொல்லு, ரெண்டுபேருமாத் தேடுங்க. காலேஜுக்கு அதுதான்யா மொதப் பாடம். ஃபீஸ் கிடையாது, தவணையும் கிடையாது. அதனாலதான் எவனும் அதுக்கு நோட்டீஸ் அடிக்கல.