பாயான் லெப்பாஸில் பங்காளிகள்

2000 மார்ச் 10. அமெரிக்காவின் சான் ஹோசேயில் கேம் டெவலப்பர்களின் வருடாந்திர மாநாடு. மேடையில் பில் கேட்ஸ். பக்கத்தில் எக்ஸ் என்ற எழுத்தின் வடிவிலேயே வார்த்தெடுத்த ஒரு பெட்டி, முகம் பார்த்துச் சவரம் செய்துகொள்ளும் அளவுக்குப் பளபளப்பு. எக்ஸ்பாக்ஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். அதுவரை ஆபீஸ் குமாஸ்தாக்களுக்கு எக்செல் விற்றுக்கொண்டிருந்த மனிதர், பையன்களுக்குத் துப்பாக்கிச் சண்டை விற்கக் கிளம்பிவிட்டார்.

முன்வரிசையில் ஏஎம்டி கம்பெனி எஞ்சினியர்கள். மாதிரிப் பெட்டிகளுக்குள் அதுநாள் வரை ஓடியது அவர்களுடைய ப்ராசஸர்தான். மேடையிலிருந்து அறிவிப்பு வருகிறது: எக்ஸ்பாக்ஸுக்குள் இருக்கப்போவது இன்டெல் சில்லு. சம்பந்தம் பேசி முடித்து, மண்டபத்துக்கு வந்து உட்கார்ந்த பிறகு, மைக்கில் வேறு மாப்பிள்ளையின் பெயரை வாசித்தால் எப்படி இருக்கும்? எக்ஸ்பாக்ஸைப் பெற்றெடுத்தவர்களில் ஒருவரான ஷேமஸ் பிளாக்லி அந்த முகங்களை மறக்கவில்லை. 2021இல் ட்விட்டரில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். இருபத்தொரு வருடம் கழித்து! இருக்கட்டும், மன்னிப்பு வந்ததே பெரிசு.

அமெரிக்காக்காரன் அமெரிக்காக்காரனுக்கு அல்வா கொடுத்தான், பினாங்கில் உட்கார்ந்திருக்கும் நமக்கு இதில் என்ன என்கிறீர்களா? இருக்கிறது. ஜென்ம வைரிகளான இன்டெலும் ஏஎம்டியும் நம் பாயான் லெப்பாஸில் ஒரே பேட்டையில் குடியிருந்தவர்கள். குடிவந்த வருடம்கூட ஒன்றுதான், 1972.

அதற்கு முன்னால் அங்கே இருந்தது நெல்வயல். ஜார்ஜ் டவுனின் வரியில்லாத் துறைமுக அந்தஸ்து 1969இல் பறிபோய், ஊரே வேலையில்லாமல் ஐந்தடிப் பாதையில் உட்கார்ந்து தே குடித்துக்கொண்டிருந்த காலம். முதலமைச்சர் லிம் சோங் இயூ படிப்பால் டாக்டர். நோயாளிக்கு அவர் எழுதிக்கொடுத்த மருந்து: சுதந்திர வணிக வட்டாரம். முதலில் வந்து சேர்ந்த எட்டுக் கம்பெனிகளுக்குப் பின்னாளில் 'எட்டு சாமுராய்' என்று ஒரு வீரப்பட்டம். இன்டெல், ஏஎம்டி, ஹியூலெட் பேக்கார்ட், நேஷனல் செமிகண்டக்டர், லிட்ரோனிக்ஸ், பாஷ், ஹிட்டாச்சி, கிளாரியன். பட்டியலை இன்னொரு தடவை பாருங்கள். எட்டு சாமுராய்களில் ஜப்பானியர் இரண்டே பேர்.

கேம் வரலாறு எழுதுகிற எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் கலிபோர்னியா கராஜ், அதில் ஒரு தாடிக்கார மேதை, அவர் தலைக்குப் பின்னால் ஓர் ஒளிவட்டம். பாயான் லெப்பாஸ் ஆலைகளில் மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் பதித்து, முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லோடு இணைத்தவர்கள் பெரும்பாலும் பதினெட்டு, இருபது வயதுப் பெண்கள். கம்போங்கிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் பேக்டரி பஸ் ஏறி வந்தவர்கள். ஊர் அவர்களுக்குக் கொடுத்த பட்டம் 'மினா காரான்', அதாவது கரண்ட்டுப் பெண். கிண்டல்தான், வேறென்ன. 'பொண்ணுங்களுக்கு கேம் பத்தி என்ன தெரியும்' என்று இன்றைக்கு ஹெட்செட்டில் கத்துகிற தம்பி, எந்த வர்க்கத்து விரல்கள் தொட்டுச் செய்த சில்லில் தன் குரல் போகிறது என்று ஒரு நிமிடம் யோசிக்கலாம். யோசிக்க மாட்டான். அவனுக்கு மேட்ச் ஓடிக்கொண்டிருக்கிறது.

சரி, அந்த ஒளிவட்டங்களில் ஒன்றை மட்டும் கழற்றித் துடைத்துப் பார்த்துவிடலாம். 1975 வாக்கில் அட்டாரி கம்பெனியில் ஒரு சின்னப் பையன் வேலை பார்த்தான். பெயர் ஸ்டீவ் ஜாப்ஸ். பிரேக்அவுட் என்று ஒரு கேமுக்குச் சர்க்யூட் தயாரிக்க வேண்டும். சில்லுகளைக் குறைத்தால் போனஸ். ஜாப்ஸ் என்ன செய்தார்? எந்தத் தலைவரும் செய்வதைத்தான். வேலை தெரிந்த நண்பனைக் கூப்பிட்டார்.

நண்பன் ஸ்டீவ் வாஸ்னியாக். பகலில் ஹியூலெட் பேக்கார்டில் வேலை (ஆமாம், நம் எட்டு சாமுராய்களில் ஒன்றேதான்). ராத்திரியில் அட்டாரிக்கு வந்து நான்கு நாள் தூங்காமல் உட்கார்ந்து முடித்தார். 700 டாலர் கிடைத்தது என்று சொல்லி 350ஐ நண்பன் கையில் கொடுத்தார் ஜாப்ஸ். போனஸ் என்று தனியாகச் சில ஆயிரம் டாலர் வந்திருந்தது வாஸ்னியாக்குக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. பாதியைக் கொடுத்துவிட்டதாகவே ஜாப்ஸ் சாதித்தார். இதில் உச்சகட்டம் என்னவென்றால், வாஸ்னியாக்கின் டிசைன் அவ்வளவு கச்சிதமாக இருந்ததால் அட்டாரியால் அதை அப்படியே உற்பத்தி செய்ய முடியவில்லை. சில்லுகளைச் சேர்த்து வேறு டிசைன் போட்டார்கள். அதாவது, நண்பனை ஏமாற்றிச் சம்பாதித்தது யாருக்கும் பயன்படாத வேலைக்கு!

நானும் கேம் செய்து பிழைக்கிறவன்தான். இந்தத் தொழிலில் மேதைகளைவிட எனக்குப் பிரமிப்பு தருகிறவர்கள் ரசிகர்கள். கம்பெனி சம்பளம் வாங்குகிறவன் ஆறு மணிக்குக் கம்பெனியை மறந்துவிடுவான். காசு கொடுத்து வாங்கியவன்தான் ராத்திரி இரண்டு மணிக்கு அந்தக் கம்பெனிக்காகச் சண்டை போடுவான். இன்டெல்தான் உசத்தி, இல்லை ஏஎம்டிதான் என்று முகம் தெரியாத ஆளோடு குடும்பத்தை இழுத்துத் திட்டுவான். இந்த இரண்டு கம்பெனிகளின் ஆட்களும் மதியம் ஒரே நாசி கண்டார் கடையில் 'குவா பாஞ்சிர்' என்று குழம்பை வெள்ளமாக ஊற்றச் சொல்லிக்கொண்டு நிற்பார்கள் என்று அவனிடம் யார் சொல்வது?

2013இல் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டும் ஒரே மாதத்தில் வந்தன. உலகமே இரண்டு கட்சியாகப் பிரிந்தது. எது ராஜா, எது குப்பை என்று பட்டிமன்றம். இரண்டு பெட்டியையும் திறந்து பார்த்தால் உள்ளே இருந்தது ஏஎம்டி. அதே ஏஎம்டி 2016இல் தன் பினாங்கு ஆலையில் 85 சதவீதத்தை ஒரு சீன நிறுவனத்துக்கு விற்றுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டது. விசுவாசம் என்பது ரசிகனுக்கு மட்டும் விதித்தது போலும்.

அந்த விசுவாசமும் எவ்வளவு கெட்டி என்று பார்க்க 2009க்குப் போவோம். மாடர்ன் வார்ஃபேர் 2 கேமின் கம்ப்யூட்டர் பதிப்பில் தனி சர்வர் வசதியை எடுத்துவிட்டார்கள். கொதித்தெழுந்தது கேமர் சமுதாயம். வாங்க மாட்டோம், தொட மாட்டோம், புறக்கணிப்போம் என்று ஸ்டீம் என்கிற இணைய கேம் கடையில் ஒரு குழு. கேம் வெளியானது. யாரோ ஒரு குறும்பன் அந்தப் புறக்கணிப்புக் குழுவின் உறுப்பினர் பட்டியலைப் படம் பிடித்துப் போட்டான். ஒவ்வொரு பெயருக்குக் கீழேயும், அவர் இப்போது என்ன விளையாடுகிறார் என்று ஸ்டீமே காட்டிக்கொடுத்துவிடுமே. வரிசையாக ஒரே பதில்: மாடர்ன் வார்ஃபேர் 2.

சிரிக்கிறீர்கள். நாம் மட்டும் என்ன யோக்கியம்? 2017 தைப்பூசத்தில் பினாங்கில் என்ன நடந்தது? 1894 முதல் ஓடிக்கொண்டிருந்த செட்டியார்களின் வெள்ளி ரதத்தோடு, இந்து அறப்பணி வாரியத்தின் புதுத் தங்க ரதமும் வீதிக்கு வந்தது. முருகன் ஒருவர், தண்ணீர்மலை ஒன்று, ரதம் மட்டும் இரண்டு. வெள்ளியா தங்கமா என்று மாமாக் கடைகளில் நடந்த விவாதத்தைக் கேட்டிருந்தால் சோனியும் மைக்ரோசாஃப்டும் வந்து குறிப்பெடுத்துக்கொண்டு போயிருப்பார்கள்.

ரசிகர்கள் கேமை வேதமாக நினைத்தார்கள் என்றால், ஆட்சியாளர்கள் பிசாசாக நினைத்தார்கள். பிலிப்பைன்ஸ் அதிபர் மார்கோஸ் 1981 நவம்பரில் வீடியோ கேம்களுக்கு நாடு முழுக்கத் தடை போட்டார். மிஷின் வைத்திருப்பவர்கள் இரண்டு வாரத்துக்குள் உடைக்க வேண்டும், இல்லாவிட்டால் அரசாங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும். ஸ்பேஸ் இன்வேடர்ஸ் இளைஞர்களைக் கெடுக்கிறதாம், காசு வீணாகிறதாம். வீண் செலவைப் பற்றி அவ்வளவு கவலைப்பட்டவர், தன் மனைவி இமெல்டாவின் செருப்பு அலமாரிப் பக்கம் ஒருநாள்கூடப் போகவில்லை என்று தெரிகிறது.

நம் அரசாங்கத்தின் அணுகுமுறை வேறு. நாயை இறக்கினார்கள். 2007இல் லக்கி, ஃப்ளோ என்று இரண்டு கறுப்பு லாப்ரடார்கள் மலேசியாவுக்கு வந்தன. ஹாலிவுட் ஸ்டூடியோக்களின் சங்கம் அனுப்பிய திருட்டு டிஸ்க் மோப்ப நாய்கள். வந்த வேகத்தில் லட்சக்கணக்கான டிஸ்க்குகளைப் பிடித்துக் கொடுத்தன. அவற்றின் தலைக்குக் கடத்தல்காரர்கள் விலை வைத்திருப்பதாகக்கூடச் செய்தி வந்தது. ஆளுக்கொரு பதக்கம் கொடுத்து வழியனுப்பினார்கள். ஒரே ஒரு சின்னச் சிக்கல். அந்த நாய்களுக்குத் தெரிந்தது டிஸ்க்கின் பிளாஸ்டிக் வாசனை மட்டும்தான். ஒரிஜினலா திருட்டா என்று பிரித்துச் சொல்லத் தெரியாது.

அந்த விஷயத்தில் நாய்களைக் குறை சொல்ல எனக்கு அருகதை இல்லை. எங்கள் தலைமுறைக்கும் வித்தியாசம் தெரியாது. இரவுச் சந்தையில் அப்பம் வாங்கிவிட்டுப் பக்கத்து மேசையில் ஐந்தோ ஆறோ வெள்ளிக்கு ஒரு பிளேஸ்டேஷன் டிஸ்க். அதற்கு ஒரிஜினல் என்று ஒன்று உண்டு என்பதே பெரியவர்களான பிறகு கிடைத்த ஞானம். இன்றைக்கு மலேசியாவில் கேம் செய்கிற முக்கால்வாசிப் பேர் அந்த மேசையில் பட்டம் வாங்கியவர்கள் என்பது என் அபிப்பிராயம். காப்புரிமை மாநாட்டு மேடைகளில் மட்டும் எல்லோருக்கும் மறதி வந்துவிடும்.

டிஸ்க் காலம் போய் டவுன்லோடு காலம் வந்தது. நாய்க்கு வாசனை கிடைக்காது. ஆகவே 2017 செப்டம்பரில் தொடர்புத் துறை ஆணையமே களத்தில் இறங்கியது. தைவான் கம்பெனி ஒன்று 'ஃபைட் ஆஃப் காட்ஸ்' என்று ஒரு கேம் விட்டிருந்தது. புத்தர், இயேசு, மோசே, சியூஸ், ஓடின், குவான் கோங் எல்லோரும் குத்துச்சண்டை போடுவார்கள். சுமாரான கேம், விட்டிருந்தால் தானாகவே செத்திருக்கும். அதை எடுத்துவிடச் சொல்லி இருபத்துநான்கு மணி நேரக் கெடு விதித்தார்கள். கெடு முடிந்தது. தடை விழுந்தது அந்த ஒரு கேமின் மேல் இல்லை. அது விற்ற ஸ்டீம் கடையையே மொத்தமாக மூடிவிட்டார்கள்! பந்து உதைக்கிற கேம் விளையாடியவனுக்கும், பண்ணையில் தக்காளி வளர்த்தவனுக்கும் கதவடைப்பு. அந்த கேம் மலேசியாவில் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டதும் கடை திறந்தது. நியாயமாகப் பார்த்தால் அந்தத் தைவான் கம்பெனி ஆணையத்துக்கு விளம்பரக் கட்டணம் அனுப்பியிருக்க வேண்டும்.

ஜார்ஜ் டவுனில் வளர்ந்தவனுக்கு அந்தக் கேமின் கதைதான் ஒட்டவில்லை. பிட் ஸ்ட்ரீட்டிலும் அதை ஒட்டியும் நடந்து பாருங்கள். 1801இல் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், 1818இன் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், 1833இன் மகா மாரியம்மன் கோயில், நடுவில் ஊதுபத்திப் புகைக்குள் குவான் யின். இருநூறு வருடமாகப் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள். அங்கே நடந்த ஒரே தீராத சண்டை, கார் பார்க்கிங்குக்கு.

அந்த கேமின் தெய்வப் பட்டியலில் இந்துக் கடவுள் ஒருவர்கூட இல்லை என்று ஆத்திரப்பட வேண்டாம். கேம் உலகில் நமக்கு இடம் கொடுத்தபோது என்ன கிடைத்தது என்று ஞாபகம் இருக்கிறதா? 1991, ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2, தால்சிம். மொட்டைத் தலை, எலும்பும் தோலும், கழுத்தில் மண்டையோட்டு மாலை, வாயில் நெருப்பு, பின்னால் வரிசையாக யானைகள். கேட்டால் அகிம்சாவாதியாம், ஊருக்கு நிதி திரட்டத்தான் அடிக்கிறாராம். இந்தியாவைப் பற்றி ஜப்பானில் கேள்விப்பட்ட அத்தனையையும் ஒரே உடம்பில் ஏற்றிவிட்டார்கள். இவ்வளவு தெரிந்தும் ஆர்கேடில் காசு போட்ட தமிழ்ப் பையன் பெருமையோடு தேர்ந்தெடுத்தது அவரைத்தான். ரப்பர்க் கையை நீட்டி அது திரும்பி வருவதற்குள் எதிரே நின்ற சீனப் பையன் ரியூவை வைத்து மூன்று குத்து குத்திவிடுவான். இனமானத்துக்கு இருபது காசு, இரண்டு நிமிடம்.

கடைசியாக, தேசமானத்தின் கதை. 2013 ஆகஸ்டு, சியாட்டில், டோட்டா 2 உலகப் போட்டி. மலேசியாவின் ஆரஞ்சு அணி ஒவ்வொருவராக அடித்துக்கொண்டு மேலே வருகிறது. இறுதிப் போட்டிக்கு முந்தின ஆட்டம், எதிரே உக்ரைன் அணி நாவி. டோட்டாவில் ரோஷன் என்ற ராட்சசனைக் கொன்றால் ஏஜிஸ் என்று ஒரு கவசம் கீழே விழும். எடுத்துக்கொண்டவனுக்கு இன்னோர் உயிர். ஆரஞ்சு ராட்சசனைக் கொன்றது. கவசம் விழுந்தது. நம் வீரர் ஒருவர் அதை எடுப்பதற்குப் பதிலாக, பதற்றத்தில் அதையே தாக்கி உடைத்துவிட்டார். எதிரி இல்லை, நம் ஆள்! நாவி இறுதிக்குப் போனது, ஆரஞ்சுக்கு மூன்றாம் இடம். புக்கிட் மெர்தாஜாமில் வளர்ந்த லீ சோங் வெய் ஒலிம்பிக்கில் கடைசிப் படியில் வழுக்கியதை அதற்குள் இரண்டு தடவை பார்த்துப் பழகிய நாடு, இதையும் விழுங்கிக்கொண்டது.

சைபர் கஃபேக்களில் மட்டும் விழுங்கவில்லை. அன்றைக்கு மலேசியாவின் எந்தச் சி.சி.க்குள் நுழைந்திருந்தாலும், பள்ளிச் சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கும் யாராவது ஒரு பையன் "நானா இருந்தா சரியா எடுத்திருப்பேன் லா" என்று அடித்துச் சொல்லியிருப்பான். அவன் ஸ்கிரீனை எட்டிப் பார்த்தால், தொடர்ந்து ஒன்பதாவது ஆட்டம் தோற்றுக்கொண்டிருப்பான்.