இமைவிளக்கு இலக்கணம்

பாயிரம் இல்லாதது நூலன்று என்பது முன்னோர் கட்டளை. ஆகவே முதலில் அது. ஆக்கியோன்: கிளிநொச்சியில் குடியிருக்கும் ஒரு மாமன், மின்சாரத்தில் இவன் கல்வி பியூஸ் கட்டுவதோடு முடிந்தது. வழி: அக்காவின் மகன், வயது பன்னிரண்டு, கையில் கண்ணாடி வெடித்த போன். எல்லை: வடக்கே ஆனையிறவு, தெற்கே வவுனியா, கிழக்கே முல்லைத்தீவுக் கடல், போனுக்குள்ளே எல்லை இல்லை. நுதலிய பொருள்: மைன்கிராஃப்ட் என்னும் கட்டை அடுக்கும் விளையாட்டில் ஒரு விளக்கைத் தானே எரிந்து தானே அணையவைக்கும் உபாயங்கள். கேட்போர்: எவருமிலர். காலம்: கரண்ட் நின்ற மாலைகள். பயன்: "உங்களுக்கு ஒண்டும் விளங்கேல்லை மாமா" என்ற சொல் ஒரு நாளைக்காவது கேளாதிருத்தல்.

இனி வரலாறு. இது சுவீடன்காரர் மார்க்கஸ் பெர்சன் செய்த விளையாட்டு. அதன் முதல் வடிவம் வெளியானது 2009 மே 17. அந்தத் திகதிக்கு வன்னியில் எவரும் உரை எழுதவேண்டியதில்லை. உரைகாரன் இந்த இடத்தைப் பேசாமல் கடக்கிறான். 2010 யூலையில் ரெட்ஸ்டோன் என்ற சிவப்புத் தூள் அந்த உலகுக்குள் வந்தது. நிலத்தின் ஆழத்தில் கிடக்கும். வெட்டி எடுக்கக் குறைந்தது இரும்புப் பிக்கானாவது வேண்டும். வரிசையாகத் தூவினால் வயர் போல வேலை செய்யும். அதன் வலு 15. ஒவ்வொரு கட்டை தாண்டும்போதும் ஒன்று குறைந்து, பதினைந்து கட்டையோடு தீர்ந்துவிடும். கடைசி வீட்டு பல்ப் மட்டும் மங்கலாக எரியும் ஊரில் இருப்பவர்க்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். எரிவதற்கென்றே உள்ள லாம்ப் 2012 மார்ச்சில்தான் சேர்ந்தது. விளக்கைத் தொடும்படி தூள் தூவினால் ஒரு லீவரால் எரிக்கலாம், அணைக்கலாம். அது வெறும் விளக்கு. அதற்கு இலக்கணம் இல்லை.

அளவை அறியாமல் வகை அறியலாகாது. தொல்காப்பியர் எழுத்தின் ஓசையை மாத்திரையால் அளந்தார். கண் ஒருமுறை இமைக்கும் நேரமும் விரல் ஒருமுறை நொடிக்கும் நேரமும் அவருக்கு ஒரு மாத்திரை. இமைக்கிற விளக்கை அளக்க இதைவிடப் பொருத்தமான கோல் உலகில் உண்டோ? விளையாட்டிலும் ஒரு மாத்திரை உண்டு. ஆடுவோர் அதை டிக் என்பர். ரெட்ஸ்டோன் கணக்கில் ஒரு டிக் ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு. ரிப்பீற்றர் என்ற கருவியைத் தட்டத் தட்ட அது வருகிற மின்னை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு டிக் தாமதித்து விடும். ஒன்று குறில், இரண்டு நெடில், மூன்று அளபெடை என்பது தெளிவு. நான்கிற்கு இலக்கணத்தில் பெயர் காணோம். கந்தோரில் "நாளைக்கு வாங்கோ" என்பார்களே, அந்த அளபு என்று கொள்க.

இனி மூலம். விளக்கு ஏன் இமைக்கிறது? எரிவதால் என்பர் ஒருசாரார். அணைவதால் என்பர் மற்றொருசாரார். இரண்டும் பொருந்தா. செய்தி பிந்தி வருவதால் இமைக்கிறது. எரிந்த செய்தி அக்கணமே போய்ச் சேர்ந்தால் எரிவதும் அணைவதும் ஒன்றையொன்று விழுங்கிவிடும். தாமதமே இமையின் தாய். இதைப் பிடித்துக்கொண்டால் கீழே வரும் இனமெல்லாம் அவள் வயிற்றுப் பிள்ளைகள் என்பது விளங்கும்.

முதலாவது, மறுப்பன. ரெட்ஸ்டோன் ரோச் என்று ஒரு குச்சி. அதை ஒரு கட்டையில் குத்தினால் தானே எரியும். அந்தக் கட்டைக்கு மின் வந்தால் அணையும். "ஓம்" என்று கேட்டால் "இல்லை" என்பதே அதன் குணம். வளர்ந்த பிள்ளைகள் உள்ள வீட்டில் மேலும் சொல்லத் தேவையில்லை. இப்போது ரோச்சின் மின்னையே தூள் வழியாகச் சுற்றி அது குத்தியிருக்கும் கட்டைக்குக் கொண்டுவருக. எரிகிறது, ஆகவே அணைகிறது, ஆகவே எரிகிறது. இது தன்மறுப்பு. ஆனால் கதி மிகை. மூன்று வினாடிக்குள் எட்டு முறை அணைந்தால் ரோச் கருகிப் புகை விட்டு நின்றுவிடும். மருமகன் என்னை முதலில் கட்டவிட்டது இதைத்தான். புகை வந்ததும் வயிறு பிடித்துச் சிரித்தான்.

தன்மறுப்பின் குற்றம் நீங்கப் பிறந்தது கூட்டுமறுப்பு. ஐந்து ரோச்சுகளை வட்டமாக நிறுத்தி, ஒவ்வொன்றும் தனக்கு முன்னதை மறுக்கும்படி கட்டவேண்டும். ஒருவருக்கு ஒரு டிக். வட்டம் சுற்றி வர ஐந்து டிக். அரை வினாடி ஒளி, அரை வினாடி இருள். இங்கே எண்ணிக்கை ஒற்றைப்படையாயிருத்தல் விதி. ஆறு ரோச் வைத்தால் மறுப்பும் மறுப்பின் மறுப்பும் சமனாகி, எல்லாரும் ஒத்துப்போய், எதுவும் அசையாது. கோயில் நிர்வாகசபைக் கூட்டங்கள் சில விடியும்வரை போவதற்கும் சில பத்து நிமிடத்தில் முடிவதற்கும் காரணம் இதுவாக இருக்குமோ என்று அன்று முழுதும் யோசித்தேன். உறுப்பினரை எண்ணிப் பார்க்கும் துணிவு வரவில்லை.

கூட்டுமறுப்பு இமைக்கும் கதியில் வன்னியில் வேறொன்றும் உண்டு. யானை வேலியின் மின்பெட்டியும் ஏறக்குறைய வினாடிக்கு ஒருமுறைதான் அடிக்கும். தொடர்ந்து பாய்ந்தால் தொட்டவர் கையை எடுக்க முடியாது. விட்டுவிட்டு அடித்தால் யானையும் பிழைக்கும், நெல்லும் பிழைக்கும். இடைவெளியில்தான் கருணை இருக்கிறது.

இரண்டாவது, சுற்றுவன. இதில் மறுப்பு இல்லை. இரண்டு ரிப்பீற்றரை எதிரெதிர்த் திசையில் வைத்துத் தூளால் வளையம் கட்டி, லீவரை ஒரு கணம் தட்டி எடுத்தால், அந்தச் சிறு மின் வளையத்துக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். விளக்கைத் தாண்டும்போதெல்லாம் ஒரு மின்னல். ஊர்க்கதையின் இயல்பு இதுதான்: சொன்னவர் நிறுத்தினாலும் கதை நிற்பதில்லை. தட்டும் கை பிந்தினால் மட்டும் வளையம் முழுதும் நிரம்பி விளக்கு எரிந்தபடியே நின்றுவிடும். எல்லாருக்கும் தெரிந்த கதையை யார் சொல்லித் திரிவார்? தென்னிலங்கை வெசாக் தோரணங்களில் ஓவியத்தைச் சுற்றி ஒளி ஓடுவதற்குப் பழைய கைவினைஞர் செய்ததும் இந்த இனமே. செப்புத் தகடு பதித்த உருளையை மோட்டாரில் சுழற்ற, தகடு தொடும் வயரின் பல்ப் எரியும், விலகினால் அணையும். சிலிக்கன் இல்லை, மென்பொருள் இல்லை. இவ்வினத்தின் மூதாதை அந்த உருளை என்பதே என் துணிபு, மருமகன் மறுக்கிறான்.

கொட்டுவன மூன்றாவது. அரிசி ஆலையில் உள்ளதுபோல ஒரு ஹொப்பர். அதன் வாய்க்கு நேரே இன்னொரு ஹொப்பர். ஒன்றிலிருக்கும் பொருளை மற்றது வாங்கி மீண்டும் கொடுக்கும். ஒரு பொருள் கைமாற 0.4 வினாடி. கொம்பரேற்றர் என்பது பக்கத்தில் நின்று "பொருள் உண்டு, இல்லை" என்று பார்த்துச் சொல்லும் கணக்கப்பிள்ளை. ஒரேயொரு விதை போட்டால் விளக்கு படபடக்கும். பிஸ்டனும் சேர்த்து, ஹொப்பரின் ஐந்து அறையையும் 64 வீதம் நிரப்பி, ஒன்று முழுதாகக் கொட்டித் தீர்ந்த பின்னரே திசை மாறும்படி கட்டினால், 320 விதை ஒருபக்கம் போகவே 128 வினாடி. நாலு நிமிடத்துக்கு ஒருமுறை இமைக்கும் விளக்கைப் பொறுமையாகப் பார்த்திருந்தவன் நான் ஒருவனே.

நோக்குவன: ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும் இரண்டு ஒப்சேவர். அது அசைந்ததென்று இது அசையும், இது அசைந்ததென்று அது. வேலிக்கு இருபுறமும் நிற்கும் இரண்டு அயலவர். கழிப்பன: கொம்பரேற்றர் தன் வரவிலிருந்து தன் செலவையே கழித்துக்கொண்டு தடுமாறுவது. பொழுதறிவன: வெயிலை அறியும் தட்டு, அங்கே ஒரு நாள் 20 நிமிடம் என்பதால் இமையும் 20 நிமிடத்துக்கு ஒன்று. இவை மூன்றிலும் அதிகம் பேச ஏதுமில்லை.

போனுக்கு வெளியே உள்ளவற்றைப் புறமின்னி என்று தொகுத்தேன். ஓமந்தையிலிருந்து கிளிநொச்சிக்கு ரயில் 2013 செப்டெம்பரில் திரும்பி வந்தபோது கூடவே வந்தவை கடவைகளின் சிவப்பு விளக்குகள். அவை இரண்டும் மாறிமாறி எரிவதைப் பார்த்தால் இடையில் ஒரு மறுப்பன் இருப்பது தெரியும். நெடுமின்னி என்பது 2022-இல் நாடு முழுதும் கண்டது. ஊர்களை ஆங்கில எழுத்தால் வகுத்து முறைவைத்து அணைத்தார்கள். மார்ச் கடைசியில் ஒரு நாளின் 13 மணி நேரம் இருள். விலங்குமின்னி ஒன்றும் உண்டு: 2025 பெப்ரவரி 9 அன்று இலங்கை முழுதும் கரண்ட் போனது, பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் என்று அமைச்சரே சொன்னார். விளையாட்டில் லீவருக்கு உள்ள இடம் இங்கே குரங்குக்கு.

புறனடை. வற்றாப்பளைக் கண்ணகி அம்மனுக்கு வைகாசியில் கடல்நீரில் விளக்கெரிப்பார்கள். அது இமைப்பதில்லை, ஆகவே இந்நூலின் எல்லைக்கு வெளியே. குப்பி விளக்கும் ஜாம் போத்தல் விளக்கும் அவ்வாறே. தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாத வன்னியில் படித்த எங்களுக்கு, திரியை இறக்கி, கையால் காற்றை மறைத்து, ஒரு விளக்கை அணையவிடாமல் காப்பதே வித்தை. மருமகனோ மினக்கெட்டு அதை ஒழுங்காக அணைக்கப் பழகுகிறான். "ஏனடா, எரிஞ்சுகொண்டே இருந்தா என்ன?" என்றேன். "அப்ப அதில பார்க்க என்ன மாமா இருக்கு?" என்றான்.

இன்னொரு விதியையும் அவனே சொன்னான். ஆடுபவர் வெகுதூரம் போய்விட்டால் அவர் கட்டிய இடத்தில் காலம் நின்றுவிடும். ரோச் பாதி மறுப்பில் உறையும், விதை ஹொப்பரிலேயே கிடக்கும், திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். இதற்கு உதாரணம் காட்ட முயன்றேன், கிடைக்கவில்லை. நாங்கள் விட்டுப் போன வளவுகளில் காலம் நிற்கவில்லை. முற்றத்தில் பற்றை ஏறியிருந்தது, கூரையில் ஓடு இருக்கவில்லை.

நூல் முடிந்ததென்று எழுந்தபோது ஐந்து ரோச் வட்டம் தடுமாறியது. ஒரு இமை நீண்டது, அடுத்தது அதைவிட நீண்டது, பிறகு இரண்டு சேர்ந்து வந்தன. இதுவரை வகுத்த எதிலும் அடங்காத புதிய இனம். பென்சிலை எடுத்து இதன் பெயர் என்ன, பிறப்பு எது என்று மருமகனைக் கேட்டேன்.

"லாக் மாமா. போன் சுடுது. கொஞ்சநேரம் மேசையில வையுங்கோ."